ரத்தினபாய் பார்த்த லண்டன்

— கறுப்புக் கோட்டு வாணாம், சாராள் டீச்சரம்மா. இருட்டுல கார்க்காரனுக்கு ஆளு தெரியாது. கறுப்புதான் வாங்குவேன்னா, கழுத்துல ஒரு வெள்ளத் துணியாவது சுத்திக்கோ.

— சரி, எழுதிக்கிட்டேன். டீச்சர் ட்ரெயினிங் அக்டோபர்ல ஆரம்பிக்குது, ரத்தினபாயம்மா. அப்பவே குளிர் இருக்குமா?

— குளிரத் தாங்கிக்கலாம். பொடவைக்கு உள்ள கம்பிளி காலுசட்ட போட்டுக்கோ, யாருக்கும் தெரியாது. இருட்டுதான் பேஜாரு. சாயங்காலம் நாலு மணிக்கே ராத்திரியாப் பூடும். வூட்டுலேர்ந்து கடைக்கு எத்தினி அடின்னு பகல்லயே எண்ணி வச்சிக்கோ. செவுத்தத் தடவிக்கினே போய்ட்டு வந்துடலாம்.

— தெரு விளக்கு இருக்குமே.

— தெருவுல ஏது வெளக்கு? வூட்டுல வெளக்கு போட்றதுக்கே மொதல்ல ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டணும். ஒரு கீத்து வெளிச்சம் வெளிய தெரிஞ்சாலும் காவக்காரன் வந்து கதவத் தட்டிக் கத்துவான்.

— அதெல்லாம் யுத்த காலத்துலம்மா. நீங்க சொல்றது நாப்பதுல. இது அறுபத்தாறு. இப்ப அங்க யாரும் குண்டு போட வரதில்ல.

— ஆமால்ல. கப்பல வுட்டு எறங்கி மூணு மாசம் வெளக்கு எரிஞ்சத பாத்தேன். அது மறந்தே பூட்ச்சு. எனக்குத் தெரிஞ்ச லண்டனு இருட்டுதான்.

— பரவாயில்ல, சொல்லுங்க. பூமிக்கு அடியில ரயில் ஓடுமாமே. அதுல எப்படிப் போறது?

— நம்ம தாம்பரம் கரண்டு வண்டி மாதிரிதான் கீது. கீய போறதுக்கு ஓடற படி ஒண்ணு இருக்கும். நீ சும்மா நின்னா அதுவே இட்டுகினு போவும். சோத்தாங்கை பக்கமா ஒதுங்கி நில்லு, அவசரக்காரன் தாண்டிப் போவான். கொசுவத்த ஒரு சாணு தூக்கிப் புடிச்சிக்கோ, இல்லாட்டி பொடவைய இஸ்த்துக்கும். பஸ்ஸுல டிக்கெட்டு குடுக்கற பொம்பள உன்னிய 'கண்ணு'னு கூப்புடுவா. பதறாத, அல்லாரையும் அப்டித்தான் கூப்புடுவா. வயி தெரிலன்னா போலீசாண்ட கேளு, அடிக்கமாட்டான். அப்பால...

— ஏன் நிறுத்திட்டீங்க?

— ஏரோப்ளேன் போவுது. போவட்டும்.

— போயிடுச்சு. நம்ம ஏர்ஃபோர்ஸ் விமானம்தான். ரத்தினபாயம்மா, தப்பா நினைக்காதீங்க. நம்ம தாம்பரம் ஸ்டேஷன்ல பாலம் இருக்கறப்ப, நீங்க தண்டவாளத்துல இறங்கித் தாண்டறீங்களாம். போர்ட்டர் ஹாஸ்டலுக்கே வந்து என்கிட்ட புகார் சொல்லிட்டுப் போனார். உங்க ஹாஸ்டல் ஆயா ஒருநாள் வண்டியில மாட்டிக்கப் போறாங்கன்னு.

— பாலத்துல படி எறங்கனா பின்னாடியே ஒரு காலடி வருது டீச்சரம்மா. சின்னக் காலு. நான் நின்னா அதுவும் நிக்குது.

— உங்க பொண்ணு அம்மணியா?

— வேற யாரு. ஏயு வயசு அவுளுக்கு. அவுங்கப்பன் பூட்டப்பறம், இங்க ரயில்வே தொரை வூட்டுல நான் ஆயாவா இருந்தேன். அவுங்க லீவுல ஊருக்குப் போறப்ப, நைஜல் பாபாவ நீதான் பாத்துக்கணும், வெளையாட்டுத் தொணைக்கு உன் பொண்ணையும் இட்டுகினு வான்னு தொரசானி சொல்லிச்சு. போனோம். சண்ட வந்துட்ச்சு, கப்பலு நின்னு பூட்ச்சு. அங்கயே மாட்டிக்கினோம்.

— அந்த நைஜல்தான் என்னைக் கூட்டிட்டுப் போக லண்டன் ஸ்டேஷனுக்கு வரார். முதல் வாரம் அவர் வீட்டுலதான் தங்கப் போறேன். எனக்கு எழுதின கடிதத்துல எல்லாம் உங்களைப் பத்திதான். அன்னிக்கு அவருக்கு ஆறு வயசு, எதுவும் ஞாபகம் இல்லையாம். அவங்கம்மா சொன்னதுதான் தெரியுமாம்.

— தொரசானி இன்னா சொல்லி வச்சிருக்கு?

— சங்கு ஊதினதும் நீங்க ரெண்டு பேரையும் கையில பிடிச்சுக்கிட்டு அந்தப் பாதாள ஸ்டேஷன் படியில இறங்கினீங்களாம். பாதியில விளக்கு அணைஞ்சு, மேல இருந்து கூட்டம் சரிஞ்சு விழுந்துதாம். கம்பியைப் பிடிச்சாத்தான் உயிர் தப்பும், அதுக்கு ஒரு கை வேணும். நீங்க பெத்த பொண்ணோட கையை விட்டுட்டு அவரைக் காப்பாத்தினீங்கன்னு சொன்னாங்களாம்.

— அங்க சர்ச்சுல பாதிரியாரும் அதான் சொன்னாரு. என்னிய எயுந்து நிக்க வச்சி சொன்னாரு. வெள்ளக்காரிங்கல்லாம் அயுதுகினு வந்து என் கையில முத்தம் குடுத்தாங்கோ. நான் வாயத் தொறக்கல.

— நைஜல் தன் பொண்ணுக்கு அம்மணின்னு பேர் வச்சிருக்கார், ரத்தினபாயம்மா.

— அந்தப் பேரா வச்சிருக்கு?

— அதேதான். அந்தக் குழந்தையைக் கையில வாங்கினதுலேர்ந்து அவருக்குத் தூக்கமே இல்லையாம். என் பொண்ணு கையை விட என்னால முடியாது, அந்த அம்மாவுக்கு எப்படி மனசு வந்துதுன்னு கேட்டுட்டு வாங்கன்னு எழுதியிருக்கார். அது ஒண்ணு தெரிஞ்சா போதுமாம். நான் போய் என்ன சொல்லட்டும்?

— இத்த நான் யாராண்டயும் சொன்னதில்ல.

— எங்கிட்ட சொல்லுங்க.

— ரெண்டுத்துக்கும் தொரசானி ஒரே மாதிரி கம்பிளியில கையொற பின்னிப் போட்டிருந்திச்சு. படி எறங்கறப்ப அம்மணி எனக்கு சோத்தாங்கை பக்கம், பாபா பீச்சாங்கை பக்கம். வெளக்கு அணஞ்சதும் கூட்டம் என்னியச் சுத்தி வுட்ட்ச்சு. கொயந்தைங்க கை நயுவிப் போயி, திரும்பத் தடவிப் புடிச்சேன். ஒரே கூச்சலு. முதுகு மேல ஆளுங்க விய்றாங்கோ. ஒண்ணத்தான் வச்சிக்க முடியும்னு தெரிஞ்சி பூட்ச்சு.

— அப்ப நீங்க...

— பெத்தவ இன்னா செய்வாளோ அத்தான் செஞ்சேன் டீச்சரம்மா. பீச்சாங்கையில இருந்தத வுட்டுட்டேன். சோத்தாங்கை பக்கம் இருந்தத நெஞ்சோட அணச்சிக்கினு, அம்மணி, அம்மணின்னு சொல்லிக்கினே கம்பியப் புடிச்சிக்கினு நின்னேன். அப்பால வெளக்கு வந்திச்சு. குனிஞ்சி பாக்கறேன், என் நெஞ்சுல நைஜல் பாபா கீது.