நந்தேசா பேசிய படம்

சேர்மன் ஐயா, வழக்கைப் பேச ஆரம்பிக்கும் முன் அந்த ஹார்ட் டிஸ்கை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்தி வையுங்கள். வெயில் அதற்கு ஆகாது. துணி போட்டு மூட வேண்டாம். அதுவும் சூடு.

நன்றி.

கட்வேயில் என் கடைக்கு நேர் எதிரே வீஜே கசுஜ்ஜாவின் படக்கொட்டகை. நான் கணினி பழுது பார்க்கிறேன், அதனால் தெருவில் எனக்கு ‘டாக்டர்’ என்று பெயர். அவர் வெளிநாட்டுப் படங்களின் மேல் நம் லுகாண்டா மொழியில் பேசிப் பதிவு செய்து ஓட்டுகிறார். படத்தில் இல்லாததையும் சேர்த்துப் பேசுவார். கூட்டம் அதற்குத்தான் வருகிறது.

அவர் பேசிய படங்கள் அத்தனையும் ஒரே டிஸ்கில் இருந்தன. இன்னொரு டிஸ்க் வாங்கி, நகல் எடுத்து, என்டெபேயில் உங்கள் தங்கை வீட்டில் வையுங்கள் என்று பலமுறை சொன்னேன்.

“எதுக்குடா டாக்டரே? டி-யில ஒண்ணு, ஈ-யில ஒண்ணு, ரெண்டு நகல் இருக்கு. விக்காத சரக்க என் தலையில கட்டப் பாக்குற.”

டியும் ஈயும் ஒரே டிஸ்கின் நடுவில் சுவர் வைத்த இரண்டு அறைகள் என்றேன். வீடு எரிந்தால் இரண்டும் எரியும்.

அன்று ஓடிய சண்டைப் படத்தில் வில்லனை டாக்டராக்கிவிட்டார். “இதோ வர்றாரு நம்ம டாக்டரு. உதை வாங்கப் போறாரு. மூஞ்சிக்கு நகல் எடுத்து வெச்சிருக்காரான்னு பாருங்க மக்கா.” கொட்டகை குலுங்கியது. நானும் சிரித்தேன். பின்னால் நான் செய்ததற்கு அது காரணம் அல்ல.

மழைக்காலத்தில் ஒருநாள் மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது பலமாக வந்தது. கருகிய வாடையோடு தன் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கருகியிருந்தது மின்சாரம் வாங்கும் பெட்டி மட்டும்தான். டிஸ்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

டிஸ்க் போய்விட்டது என்றேன்.

ஒரு நாள் பயந்தால் பாடம் படிப்பார் என்று நினைத்தேன். நான் எதையும் அழிக்கவில்லை, அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு அறைகளுக்கும் டி, ஈ என்று இருந்த எழுத்தை எடுத்துவிட்டேன், அவ்வளவுதான். எழுத்து இல்லாவிட்டால் கணினிக்குக் கதவு தெரியாது. உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். எனக்கு வேண்டும்போது எழுத்தை வைத்துத் திறந்துகொள்வேன்.

கசுஜ்ஜா ஸ்டூலில் உட்கார்ந்தார். “மத்ததெல்லாம் போகட்டும். நந்தேசா பேசின படம் மட்டும் கிடைக்குமான்னு பாருங்கய்யா.”

என்னைவிட இருபது வயது மூத்தவர். ஐயா என்றார்.

நந்தேசா அவர் மனைவி. இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. முன்பு அவருக்குத் தொண்டை கட்டியபோது, ஓர் இந்தியப் படத்தின் நாயகிக்கு அவள் பேசினாள். நாயகன் பூ நீட்டுகிறான். “பூவெல்லாம் இருக்கட்டும், போன வாரம் எரவல் வாங்கிட்டுப் போன சட்டி எங்க?” என்றாள். உடனே அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பாட்டு முடியும்வரை சிரித்தாள். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

செவ்வாய்க்கிழமைதோறும் வந்தார். முட்டை சுற்றிய சப்பாத்தி கொண்டுவருவார், எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. தேடல் நடப்பதுபோல் திரையில் ஏதாவது ஓடவிடுவேன். அவர் அதைப் பார்த்தபடி கதை பேசுவார். எனக்கு மட்டும். எப்போதாவது ஒரு சண்டைப் படத்தை மீட்டதாகச் சொல்லி அவரிடம் கொடுப்பேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை வெறுங்கையோடு வந்தார்.

“போதும்டா டாக்டரே. போனவ போனவதான். உன்னையும் படுத்திட்டேன். இனிமே வரல.”

துக்கத்தில் இருக்கும் மனிதரை அப்படி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவள் சிரிப்பில் மூன்று நொடியை வெட்டிப் போட்டுக் காட்டினேன். ஒரு துண்டு கிடைத்தது என்றேன்.

மறுநாளே வந்தார். அதன்பிறகு துண்டு துண்டாகத்தான் கொடுத்தேன். ஒருமுறை ஒரு மூச்சு. ஒருமுறை சிரிப்பின் நுனி. ‘சட்டி’ என்ற சொல் கிடைக்க மட்டும் ஒரு மாதம் ஆனது. அன்று அவர் அடைந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மொத்தமாகக் கொடுத்திருந்தால் அது ஒரே நாளில் முடிந்திருக்கும்.

நேற்று மதியம் தெரு முழுக்க மின்சாரம் போனது. மாவு மில் நின்றது. சலூன் பாட்டு நின்றது. கொட்டகை நின்றது. என் மடிக்கணினியில் பேட்டரி இருந்தது. அவர் டிஸ்கை அதில் மாட்டி, நான் அந்தப் படத்தை முழுதாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமாகக் கேட்பதுதான். சத்தத்தைக் குறைக்கத் தோன்றவில்லை.

தெருவில் நந்தேசாவின் சிரிப்பு மட்டும் இருந்தது. கொட்டகையிலிருந்து வெளியே வந்தவர்கள் அதைக் கேட்டுச் சேர்ந்து சிரித்தார்கள். கசுஜ்ஜா என் வாசலில் நின்று பாட்டு முடியும்வரை கேட்டார். பிறகு டிஸ்கைப் பிடுங்கிக்கொண்டு உங்களிடம் வந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவருக்கா வார்த்தை கிடைக்காது?

வேறு நகல் இருக்கிறதா என்கிறீர்கள். இல்லை. இது ஒன்றுதான். இரண்டாவது இருந்தால் எப்படியாவது அவர் கைக்குப் போய்விடும்.

கொடுக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அவர் கணினியில் எழுத்தைத் திரும்ப வைப்பது ஒரு நிமிட வேலை. ஆனால் டிஸ்க் காலையிலிருந்து வெயிலில் இருந்திருக்கிறது. அவசரப்பட்டால் கெட்டுவிடும். செவ்வாய்க்கிழமை அவரை வரச்சொல்லுங்கள். கூட யாரும் வேண்டாம்.

சப்பாத்தி நான் வாங்கி வைக்கிறேன்.