கோயில் மைக்கில் சொல்ல வேண்டியது

வேலை தேடி ருவான்வெல்லையிலிருந்து பஸ் ஏறினேன். உட்கார இடமில்லை. முன் சீட்டில் ஒரு ரப்பர் தோட்டத்து அம்மாவும், பாடசாலை உடையில் அவருடைய மகளும்.

“கள்ளனுக்கு நம்பர வாசிச்சுக் குடுத்தது நீங்கதானே அம்மா?” என்றாள் மகள்.

“ரப்பர் மலையில பால் வெட்டிக்கிட்டு இருந்தவளுக்கு கூட்டாளி போன்ல இருந்து கோல் எடுத்தது யாரு? ‘அம்மா, போனுக்கு ஆறு நம்பர் வரும், சொல்லுங்க’ன்னு கேட்டியே! எனக்கு இங்கிலீஷா தெரியும்? நம்பர் தெரியும், வாசிச்சேன்.”

“ஓ.எல். சோதனை எழுதுற புள்ளைங்களுக்கு டேட்டா சும்மா குடுக்கிறாங்கன்னு கூட்டாளி போனுக்கு லிங்க் வந்துச்சு. வீட்டுல இருக்கறது உங்க போன் மட்டுந்தானே, லிங்க்ல அந்த போன் நம்பர அடிச்சேன், நீங்க வாசிச்ச ஆறு நம்பரையும் போட்டேன்.”

“இப்ப என் வாட்ஸ்அப் எவன் கையிலயோ. ஒங்க கிளாஸ் குரூப்புக்கு என் பேருலயே அந்த லிங்க அனுப்புறானாம். மேல் லயத்து வீட்டுப் புள்ளைங்க அத அமுக்கிட்டு ‘தேங்க்ஸ் ஆன்ட்டி’ன்னு வேற போடுதுங்களாம்!”

“டீச்சர்கிட்ட சொல்லலாம்.”

“டீச்சர் இனி திங்கக்கெழமதான் வருவாங்க. அதுக்குள்ள எத்தன புள்ளைங்க மாட்டும்? எறங்குன ஒடனே கோயில் மைக்குல சொல்லிடுறேன்.”

“அனே, ஐயோ அம்மா, மைக்குலயா? தோட்டமே சிரிக்கும்!”

“சிரிக்கட்டும். சிரிச்சவங்க அமுக்க மாட்டாங்கல்ல?”

தோட்டத்துச் சந்தி வந்ததும் மகள் பஸ் மணியை அடித்துவிட்டு எழுந்தாள்.

“நானே பேசுறேன். நீங்க மைக்க புடிச்சா, என்னைய ஏசுறதுலயே நேரம் போயிடும்.”