முள்ளு திரும்பிருச்சு

— திரும்பிருச்சுப்பா செபாஸ்டின்! முள்ளு பெங்களூரு பக்கம் திரும்பி நிக்குது பாரு!

— சும்மா சொல்லாத குப்புராஜ். நல்லாத் தட்டிப் பாரு.

— தட்டிட்டேன். ரேடியோவுல பெங்களூரு டேசன் கன்னடத்துல பாடுது, முள்ளு அந்தப் பக்கமே காட்டுது. நீ ஒட்டுன ஒயரு இன்னிக்குத்தான் ஒழுங்கா நிக்குது.

— என்னால நம்ப முடியல. தெனம் சாயங்காலம் ஏரோபிளேன்ல இந்த வழிகாட்டிப் பொட்டியையும் ரேடியோவையும் ஈயம் வெச்சு ஒட்டிட்டுப் போறேன், காலையில வந்து பாத்தா ஒயரு தனியாத் தொங்குது. ஊர்ல இருக்கற டிவியெல்லாம் ரிப்பேரு பண்றவன் நான். போர்டக் கழட்டிட்டு பஜ்ஜிக் கட போட்டுடலாம்னு இருந்தேன்.

— எலின்னு அன்னிக்கே சொன்னேன்ல?

— எலி ஈயத்தயா திங்கும்?

— அத வுடுப்பா. ஏறு, கெளம்பு. அங்க தேரு மந்திரிச்சாச்சு. நம்ம செபாஸ்டின் அவரே செஞ்ச ஏரோபிளேன்ல வந்து மாதா தேருக்குப் பூ போடப் போறாருன்னு ஃபாதரு பூசையிலயே சொல்லிட்டாரு. பாப்பாரப்பட்டியே அண்ணாந்து பாத்துக்கினு நிக்குது.

— அவரா எங்க சொன்னாரு? நாந்தான் போயிச் சொல்லச் சொன்னேன். இந்த வாய வெச்சிக்கினு சும்மா இருந்தாத்தான?

— கோயிலு இங்கிருந்தே தெரியுது. இதுக்குப் போயி, முள்ளு ஓடாம நான் ஏற மாட்டேன்னு நின்ன பாரு! போன வாரமே பறந்து பாத்திருக்கலாம்.

— காத்து தள்ளிட்டுப் போயி மொரப்பூரு ரயிலு டேசன்ல எறக்கிட்டா? டிக்கெட் இல்லாம வந்தேன்னு புடிச்சி உக்கார வெச்சிடுவான்யா.

— ஏன், கடலக் கொல்லையில நீ ஆளு ஒசரம் ஏறி எறங்கலியா? இன்னிக்குப் பனமர ஒசரம். அவ்ளோதான்.

— அப்ப நீ ஏறேன்.

— இந்த ஒடம்ப வெச்சிக்கினா? என்னத் தூக்கறதும் என் லேத்துப் பட்டறையத் தூக்கறதும் ஒண்ணுதான். அதோ, தங்கச்சி பூக்கூடயோட வருது. கொல்லையில மாடு கன்னு நிக்குதான்னு பாத்துட்டு, கெளம்பறோம்னு ஒரு வெடியும் போடச் சொல்லிட்டு வரேன்.

— ஏங்க, அண்ணன் போயிட்டாரா?

— போயிட்டான். என்னா ஞானமேரி, கண்ணெல்லாம் செவந்து கெடக்குது?

— உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. திட்டக் கூடாது. ஒயரப் புடுங்குனது எலி இல்லீங்க, நாந்தான். தெனம் விடியறதுக்குள்ள வூட்ட வுட்டு வந்து புடுங்கிட்டுப் போனேன்.

— ம்… சொல்லு.

— பயமா இருந்துச்சுங்க. பழைய கார் இன்ஜினு, தகரம், துணி, அதுல போயி உக்காந்து மேல போறேன்னு நிக்கறீங்க. உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்னா பண்ணுவேன்? முள்ளு ஓடாட்டி ஏற மாட்டேன்னு நீங்களே சொன்னீங்களா, அதான் அந்த ஒயரு மேலயே கைய வெச்சேன்.

— அப்ப இன்னிக்கு மட்டும் ஏன் வுட்டுட்ட?

— மனசு கேக்கலீங்க. நேத்து சோத்துல கைய வெச்சிக்கினு, எனக்குத் தொழிலே மறந்துபோச்சு மேரின்னு சொன்னீங்க பாருங்க. புருசனோட ஆசைய நானே கெடுக்கறேனேன்னு படுத்து அழுதேன். போதும், மாதா பாத்துக்குவா. தைரியமா ஏறுங்க. இதோ, வெடியும் போட்டுட்டாங்க.

— அடிப்பாவி! நீ வந்து புடுங்கிடுவேங்கிற நம்பிக்கையிலதானடி நான் தெனமும் ஒட்டிக்கினு இருந்தேன்!