சுவரில் தூங்கும் மேஸ்திரி

ஹலோ... ஆங், சொல்லுண்ணே... கேக்குது, கேக்குது. நீ கத்துற கத்துக்குப் போன் எதுக்கு... இரு, கையெல்லாம் பட்டி மாவு, தொடச்சிக்கிறேன்... நம்ம வீட்டு ஓட்டையத்தான் அடைக்கிறேன். ஊரார் சுவத்தையே தேச்சுக்கிட்டிருந்தா இத யாரு பாக்குறது? லீவு நாள்லயும் மேஸ்திரி மேஸ்திரிதான்னு காட்டுற பாரு, அதச் சொல்லணும்.

யாரு, உன் மச்சானா? பின்னாடி இருக்காரு... வேற என்ன பண்ணுவாரு, படந்தான் போடுறாரு. பெயிண்டு டப்பா வந்த அட்டைய எல்லாம் கிழிச்சு வச்சிருக்காரு. முட்டி வீங்கி வீட்டுல கெடந்தப்ப புடிச்ச வியாதி. முட்டி சரியாப்போச்சு, இது போகல... ஆமாண்ணே. ஆமா, ஆமா. அறுபது வயசுல வரக்கூடாததுதான். மத்தவ புருசனுக்கெல்லாம் சக்கர வருது, எனக்கு வாச்சவருக்கு ஓவியம் வந்திருக்கு... நான் எங்க சிரிச்சேன்?

என்ன? எந்த வீடு?... டாக்டரம்மா வீடா? அதான் வேலைய முடிச்சு சாவியக் குடுத்துட்டேன்னியே... பெட்ரூம் சுவத்துலயா? என்ன தெரியுது?... படமா!

ஐயோ... இல்லண்ணே, எனக்கு ஒண்ணும் தெரியாது... சரி, தெரியும். பாதி தெரியும். மொதக் கோட்டு பெயிண்டு காஞ்சதும், மிச்சம் இருந்த கருநீலத்துல அந்தச் சுவத்துல என்னமோ போட்டேன்னு வந்து சொன்னாரு. நான் வெளக்கமாத்தத் தூக்கிட்டேன். "அடியே, அதுக்கு மேல இன்னும் ரெண்டு கோட்டு வரும், எவன் கண்ணுக்குத் தெரியப்போகுது"ன்னாரு.

ஒரு நிமிசம்ணே. மேல ரெண்டு கோட்டு வந்துச்சில்ல?... இல்ல, சும்மா கேக்குறேன். மறுநாளே அவர வேற வேலைக்கு அனுப்பிட்டு நீதானே நின்னு முடிச்ச... ஒண்ணா? ஒரே கோட்டா?... அதுலயும் தண்ணியா! அண்ணே, அதுக்குப் பேரு பெயிண்டு அடிக்கிறது இல்ல, சுவத்தக் குளிப்பாட்டுறது.

சரி, சரி, எகிறாத. தப்பு அவரு மேலதான். உன் பேச்ச நம்பினாரு பாரு, அது பெரிய தப்பு.

ஆமா, என்ன படம்ணே?... சொல்லேன். மரமா? மாடா?... ஆளா? பொம்பளையா?... அப்பாடா. ஆம்பளைதானே, விட்டுத்தள்ளு... தூங்குறானா?... ரெண்டு நாற்காலிய ஒட்டிப் போட்டு... வயித்து மேல கைய வச்சு... வாயத் தொறந்துகிட்டு... அண்ணே. மீச எப்படி? ஒரு பக்கம் மேலயும் ஒரு பக்கம் கீழயுமா?

அது நீயா?

... இல்லண்ணே, சத்தியமா சிரிக்கல. இருமல். பட்டி மாவு தொண்டையில போயிடுச்சு... ம். ம், சொல்லு. டாக்டரம்மா என்ன சொன்னாங்க?... "வேலை நடக்குறப்ப நீங்க எங்க போனீங்கன்னு இப்பத்தான் தெரியுது"ன்னா? படிச்சவங்க படிச்சவங்கதான்ணே.

அவமானந்தான். ஆமா. நான் இல்லேங்கலையே. பாவம் அந்தம்மாவும். படுத்தா நீ, முழிச்சா நீ. எங்க அண்ணிகூட இவ்வளவு பட்டிருக்க மாட்டாங்க.

... என்ன சத்தியம்?... இனிமே படம் போடுறதில்லன்னா? அட்டையிலகூடவா? இல்லன்னா?... ஓ. வேலை கிடையாதா.

அண்ணே, ஒண்ணு சொல்லட்டுமா? எனக்கும் அந்தக் கிறுக்கு புடிக்கலதான். என்னையும் போட்டாரு. ஒரு அட்ட முழுக்க மூக்கு. கேட்டா, உள்ளதத்தானே போட முடியும்ங்கிறாரு. ரெண்டு நாளு நான் பேசல. ஆனா இதக் கேளு. கல்யாணத்துக்கு முன்னாடி கடைக்கெல்லாம் போர்டு எழுதிக்கிட்டுத் திரிஞ்ச மனுசன். அவரு கையில இருந்த சின்ன பிரஷ்ஷப் புடுங்கிச் சுண்ணாம்பு வாளியில எறிஞ்சது யாரு? "எந்தங்கச்சி வேணும்னா இதப் புடி"ன்னு வெள்ளையடிக்கிற மட்டையக் கையில குடுத்தது யாரு?... ஆமா, என் நல்லதுக்குத்தான். அவரும் மறுபேச்சு இல்லாமப் புடிச்சாரு. முப்பது வருசமா ஊர்ச் சுவத்தையெல்லாம் வெள்ளையாக்கியாச்சு. இப்ப திரும்ப அதையே விடச் சொல்றியே, பதிலுக்குக் குடுக்க உன்கிட்ட இன்னொரு தங்கச்சி இருக்கா?

... சரி இரு, அவரையே கேட்டுச் சொல்றேன். ஏங்க! ஏங்க, அண்ணன்! படத்த விட்டாத்தான் வேலையாம்!... மண்டைய ஆட்டினா போன்ல தெரியுமா? வாயத் தொறந்து சொல்லுங்க!

அண்ணே, முடியாதாம்... ஆமா. முடியாதுன்னுதான் சொன்னாரு. எனக்கே தூக்கிவாரிப் போட்டுருச்சு. இந்த வீட்டுல அந்த வார்த்தைய நான் மட்டுந்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்.

... நெசமாவா? நாளையிலேருந்து வர வேண்டாமா? சரிண்ணே. அப்படியே பட்டி தேய்க்கவும் ஒரு ஆளப் பாத்துக்க... நானுந்தான் வரல... வயித்துக்கு என்ன பண்ணுவோம்னா? இந்தக் கை தேச்சா சுவத்துல மொகம் பாக்கலாம்னு நீதானே பெருமையடிப்ப? உன்ன விட்டா ஊருல மேஸ்திரியே இல்லையா?

... ம்... ம்ம்... இப்ப வந்தியா வழிக்கு. கேட்டுக்க. அந்தச் சுவத்த அவரே வந்து மூடிக் குடுப்பாரு, கூலி வேணாம். ரெண்டு கோட்டு. பெயிண்டு உன்னோடது, தண்ணி எவ்வளவுன்னு நான் பக்கத்துல நின்னு பாப்பேன். சத்தியம் கித்தியம் எதுவும் கிடையாது... ஆமா, ஆமா. காலையிலயே வந்துருவோம்.

இருண்ணே, என்னமோ சொல்றாரு... என்னங்க?... ஐயையோ, இத நான் வேற கேக்கணுமா? நீங்களே வந்து கேளுங்களேன்... சரி, சரி.

அண்ணே, கோவப்படாமக் கேளு. மூடுறதுக்கு முன்னாடி காத மட்டும் கொஞ்சம் திருத்தணுமாம்... உன் காதத்தான். ஏணியிலேருந்து பாத்துப் போட்டதாம், அவருக்கே மனசு ஒப்பலையாம். நீ செத்த நேரம் அதே மாதிரி நாற்காலியப் போட்டுப் படுத்தீன்னா... இல்லண்ணே, வாயத் தொறக்க வேணாம். வாயி நல்லாத்தான் வந்திருக்காம்...

அண்ணே?... அண்ணே?