கவிழ்த்து வைத்த பானைகள்

வெயில் ஏறிவிட்டால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும் ஐயா. அதனால்தான் நேரம் என்ன என்று கேட்டேன். அதற்குப் போய் உங்கள் ஏட்டு முறைக்கிறார். என்னை யாரும் இழுத்து வரவில்லை, நானாகத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். விழுந்த வீட்டைச் சுற்றிக் கயிறு கட்டி ஒரு போலீஸ்காரரை நிறுத்தியிருக்கிறீர்கள். கயிற்றுக்கு உள்ளே என் பானைகள் இருக்கின்றன. எடுத்துக்கொள்கிறேன் என்று நேற்று அவரிடம் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். "இன்னாய்யா, தாயும் புள்ளையும் செத்துப் போய்க்கீது, நீ பானைய கேட்டுகினு கீறே" என்று தடியை ஓங்கினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முழு விவரமும் தெரிந்தால் நீங்கள் விடுவீர்கள் என்றுதான் உங்களிடம் வந்தேன்.

என் பெயர் தசரதன். ஆவடி ராணுவக் கிடங்கில் குமாஸ்தா. யுத்தம் வந்த பிறகு கிடைத்த வேலை. பூந்தமல்லியில் தனியாகக் குடியிருக்கிறேன். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. குடி, சீட்டு, சினிமாக் கொட்டகை எதுவும் கிடையாது. ஒரு கூண்டும் அதில் ஒரு ஜோடி லால் குருவியும் உண்டு. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். ஆண் நல்ல சிவப்பு, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. மழைக்காலம் வந்தால் அந்தச் சிவப்பு இன்னும் ஏறும். ஒரு துரும்பை அலகில் வைத்துக்கொண்டு பெட்டையின் முன்னால் தலையை ஆட்டி ஆட்டி நிற்கும். பார்த்திருக்கிறீர்களா? உங்களுக்கு எங்கே நேரம்.

கடைத்தெரு கலீலுல்லாவிடம் வாங்கினேன். அத்தர் கடை வைத்திருக்கிறார், ஓரமாகக் குருவிக் கூண்டுகளும் தொங்கும். வாங்கும்போதே சொன்னார்: "இது கூண்டுல முட்ட வெக்கும் நைனா. குஞ்ச வளக்காது. பாட்ட கேட்டுகினு சும்மா கெட." முட்டை வைத்தது. பொரித்தது. மறுநாளே தாய்க்குருவி குஞ்சுகளை ஒவ்வொன்றாக அலகில் கவ்விக்கொண்டு வந்து கூண்டின் தரையில் போட்டது. உயிரோடு. நான் எடுத்து உள்ளே வைக்கிறேன், அது எடுத்து வெளியே போடுகிறது. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கலீலுல்லாவிடம் போய்ச் சொன்னால் அவர் சிரிக்கிறார். "நான் அப்பவே சொல்லல? குஞ்சுக்கு உசுரோட பூச்சி வோணும். கொறையாம வோணும். நீ எங்க போய்ப் புடிப்பே?" இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பிடித்தேன் ஐயா. வெட்டுக்கிளி பிடித்தேன், அதன் கால்முள் குஞ்சின் தொண்டையில் சிக்கிக்கொண்டது. மாமரத்தில் முசுறு எறும்புக் கூட்டை உடைத்து முட்டை எடுத்தேன். கூட வந்த எறும்பு கண் திறக்காத குஞ்சைக் கடித்தே கொன்றது. ஈசல் நல்ல தீனி, ஆனால் மழை விட்ட ஒரு பொழுதுக்கு மேல் அது கிடைக்காது. செத்த பூச்சியைப் போட்டால் தாய் திரும்பிக்கூடப் பார்க்காது. நெளிய வேண்டும். நெளிந்தால்தான் அதற்குத் தீனி. அங்கே கிடங்கில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன், இங்கே இன்னொரு குஞ்சு தரையில் கிடக்கும் என்று தெரியும். சே, நாய்ப் பிழைப்பு. ஒரு மனிதன் எவ்வளவுதான் பொறுப்பான்?

வழி சொன்னது பக்கத்து வீட்டுப் பூங்காவனம். கேட்டுப் பாருங்கள், அவளுக்கு நினைவிருக்கும். புருஷன் இல்லாதவள், கோழி வளர்த்துக் காலம் தள்ளுகிறவள். பழைய பானையில் வைக்கோலும் காய்ந்த சாணியும் அடைத்து, தண்ணீர் தெளித்து, வாய் மண்ணில் படும்படி கவிழ்த்து வைத்துவிட வேண்டும். விடிவதற்குள் பானை நிறையக் கரையான் ஏறியிருக்கும். எடுத்து உதறினால் கோழிக்குஞ்சுகளுக்கு விருந்து. இதைக் கேட்டதும் அவள் காலில் விழலாம் போல இருந்தது எனக்கு. "ஆனா ஊட்டாண்ட வெச்சிடாதீங்க அண்ணாத்தே. தூரமா புளியமரத்தாண்ட வெய்யுங்க. செவுத்துல ஏறிச்சின்னா ஊட்டயே தின்னுடும்" என்றும் சொன்னாள். அதையும் கேட்டுக்கொண்டேன்.

புளியமரத்தடியில்தான் முதலில் வைத்தேன். அவளுடைய கோழிகள் எனக்கு முன்னால் எழுந்து கிளறிவிட்டன. மழை வலுத்ததும் அங்கே முழங்கால் தண்ணீர். பிறகு என் வீட்டுப் பின்கதவோரம் வைத்தேன். அள்ள அள்ளக் கரையான் வந்தது. ஆனால் அந்த மழை முடிவதற்குள் கதவு நிலையில் விரலை வைத்தால் விரல் உள்ளே போயிற்று. உடனே பானைகளை அப்புறப்படுத்தி, நிலைக்குத் தார் பூசினேன். மனிதன் குடியிருக்கிற வீடல்லவா.

என் வீட்டுக்கும் பூங்காவனம் வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. ஆள் பக்கவாட்டில்தான் நுழையலாம். இரண்டு வீட்டு ஓடும் மேலே மூடியிருப்பதால் மழை விழாது. வாயில் பக்கம் ஒரு தகரத்தைச் சாய்த்துவிட்டால் கோழி வராது. என் பக்கம் செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. அவள் பக்கம் மண் சுவர். பானைகளை அவள் பக்கத்துச் சுவரை ஒட்டிக் கவிழ்த்தேன். மண் சுவரில்தான் ஈரம் நிற்கும், வேறு காரணம் இல்லை. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வீணாகக் கவலைப்படுவாள்.

போன வருஷம் முதல்முறையாகக் குஞ்சுகள் இறகு முளைக்கும்வரை வந்தன. நான் வேலைக்குப் போன நேரத்தில் மத்தியானத் தீனி தவறித் தவறிப் போய்ச் செத்தன. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. இந்த வருஷம் காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு எடுத்தேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

ஐப்பசியில் பூங்காவனத்தின் மகள் தாட்சாயிணி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். அவளுக்குப் பிள்ளை பிறந்ததும் என் லால் பொரித்ததும் ஒரே வாரம். "எங்க ஊட்லயும் பெரசவம், உங்க ஊட்லயும் பெரசவம்" என்று பூங்காவனம் சிரித்துக்கொண்டே எனக்குக் கற்கண்டு கொடுத்தாள். கலீலுல்லாவின் சிரிப்பு மாதிரி இல்லை அது. நல்ல மனுஷி.

அப்புறம் ஒருநாள் வந்து கூப்பிட்டாள். "மேலேர்ந்து மண்ணு மாதிரி கொட்டிகினே கீது அண்ணாத்தே. கொழந்த மூஞ்சில வுழுது. கொஞ்சம் இன்னான்னு வந்து பாருங்க." போனேன். ஏணி வைத்து ஏறி, உத்தரத்தை விரல் முட்டியால் தட்டினேன். காலிப் பானையின் சத்தம் வந்தது. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே கொறிக்கிற சத்தம் இருந்தது. சந்தில் அந்தச் சத்தம் கேட்டால் அன்றைக்குத் தீனிக்குக் குறைவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருக்கும். இப்போதும் அப்படித்தான் இருந்தது.

"ஓட்டு மண்ணும்மா. உத்தரம் இரும்பு மாதிரி கீது" என்றேன்.

தாட்சாயிணி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "எதோ கடிக்கிற சத்தம் கேக்குது மாமா" என்றாள்.

"பச்ச ஒடம்புல காது அப்டித்தான் இரையும்."

பூங்காவனத்துக்கு மனசு ஆறவில்லை. உத்தரம் போட்ட ஆசாரி தேவராஜைக் கூப்பிட்டுக் காட்டித் தார் பூசிவிடலாமா என்றாள். தார் நாற்றம் பச்சைக் குழந்தைக்கு ஆகாது என்றேன். அப்படியானால் மழை விடும்வரை மகளை அழைத்துக்கொண்டு வேலப்பன்சாவடியில் தம்பி வீட்டில் இருக்கட்டுமா என்றாள். யோசித்தேன். வீடு காலியானால் தேவராஜ் வருவான், சுவரைப் பார்ப்பான், சந்துக்குள் நுழைவான், தாரை ஊற்றுவான். என் குஞ்சுகளுக்கு அப்போதுதான் இறகுக் குருத்து விட்டிருந்தது. "குஞ்சு பொரிச்ச கூட்ட நகத்தக் கூடாது பூங்காவனம். மழையில எங்க இட்டுகினு போவே?" என்றேன். எந்தக் குருவிக்காரனும் அதைத்தான் சொல்வான். "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவளும் விட்டுவிட்டாள்.

முந்தாநாள் விடியலில் நான் சந்தில்தான் இருந்தேன். ஒரு பானையைத் தூக்கியிருந்தேன். பூங்காவனம் கோழிக்கூண்டைத் திறக்கக் கொல்லைக்குப் போயிருந்தாள். மேலே பனையோலை முறிகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஓடெல்லாம் உள்பக்கமாகப் போயிற்று. கையில் இருந்த பானை நல்லவேளையாக உடையவில்லை. நிறையக் கரையான். வெளியே வைத்தால் எறும்பு வந்துவிடும். ஆகவே வீட்டுக்குள் எடுத்துப் போய்த் தட்டில் உதறி, தாய்க்குருவி வந்து எடுக்கிறதா என்று பார்த்தேன். எடுத்தது. எல்லாக் குஞ்சும் வாயைத் திறந்தன. தாட்சாயிணியின் குரல் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஓடு அள்ளப் போனபோது நின்றுவிட்டது. பூங்காவனம் நகத்தாலேயே மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தாள். நானும் மத்தியானம்வரை அள்ளினேன். ஊரே பார்த்தது. நடுவில் தீனி வைக்க இரண்டு தடவைதான் வீட்டுக்குப் போனேன்.

வேம்பு என்று சொல்லி மட்ட மரத்தைப் போட்டுவிட்டான் என்று தேவராஜைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். பூங்காவனமும் அவனைத்தான் மண்ணை வாரித் தூற்றிச் சபிக்கிறாள். அது அநியாயம் ஐயா. சுத்தமான வேம்பு அது. என் கதவு நிலை ஒரு மழைக்குத் தாங்கவில்லை. அந்த உத்தரம் இத்தனை நாள் நின்றது. அவனை வீட்டுக்கு அனுப்புங்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். பானை வைத்தது நான். சுவரில் ஏறும் என்று தெரிந்து வைத்தேன். உத்தரம் கூடாகிவிட்டது என்று தெரிந்து, இரும்பு என்றேன். போகிறேன் என்றவளைப் போகவிடாமல் உட்கார வைத்தேன். கையெழுத்துப் போடுகிறேன். கொன்றான் என்று மட்டும் எழுத வேண்டாம். விழும் என்று தெரியும். என் குஞ்சுகள் பறக்கும்வரை நிற்கும் என்றுதான் நினைத்தேன். அதில் என் கணக்கு கொஞ்சம் தப்பிவிட்டது.

என்னை இப்போது விடமாட்டீர்கள் என்று உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. பரவாயில்லை. என் வீடு திறந்துதான் கிடக்கிறது, கூண்டு ஜன்னலோரம் இருக்கிறது. கலீலுல்லாவிடம் கொடுத்துவிடாதீர்கள், அவருக்கு நம்பிக்கை கிடையாது. பூங்காவனத்திடம் சொல்லுங்கள். பானையை உதறுகிற பக்குவம் அவளுக்குத்தான் தெரியும், கையும் மிருதுவான கை. நாள் முழுக்க ஒருத்தி கூடவே இருந்து தீனி போட வேண்டும். அவளுக்கும் இப்போது வேறு வேலை இல்லை.