பாலைவனத்தில் படகு

காலை ரயிலில் ஆவடியில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். இளையவள் கையில் ஒரு இன்லண்ட் கடிதம். அண்ணனூர் தாண்டியதும் அவள் சொன்னாள்:

"அரைப்பரீட்சை லீவுல பாலைவனத்துல படகுல போப்போறோம்க்கா."

மூத்தவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"இன்னாடி சொல்ற?"

"எங்க ஊட்டுக்காரரு ராஜஸ்தான்ல மிலிட்டிரி லாரி ஓட்றாரு இல்ல, அங்க ஒரு ஏரி கீதாம். சுத்தி மணலு, நடுவுல தண்ணி. பசங்கள இட்டுகினு வா, படகுல சுத்தலாம்னு எழுதிக்கீறாரு."

"பாலைவனத்துல தண்ணி நிக்குமா?"

"சில வருசம் மழையே இல்லாம காஞ்சி பூடுமாம். அப்பகூட உள்ள ஒருத்தரும் குடிசை போட மாட்டாங்களாம். தண்ணி திரும்பி வரும்னு உட்டு வச்சிருப்பாங்களாம்."

மூத்தவள் சிரித்தாள். "ஏரி பாக்க அவ்ளோ தூரம் போவணுமா? நம்மூர்லயே கீதே."

இளையவள் சிரிக்கவில்லை. கடிதத்தை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"நாங்க மனை வாங்கனதே அந்த ஏரிக்குள்ளதான்க்கா. வாங்கசொல்ல சித்திரை மாசம், கட்டாந்தரையா கெடந்துச்சி. கல்லு நட்டு, மஞ்ச தடவி, பூசைகூட போட்டேன். ஐப்பசில போய்ப் பாத்தா கல்லே தெரியல, இடுப்பளவு தண்ணி."

"ஐயோ! அவரு இன்னா சொன்னாரு?"

"அவருக்குத் தெரியாது. நல்ல மேட்டு மனைன்னு எழுதிட்டேன்."

அம்பத்தூர் வந்தது. இருவரும் எழுந்து வாசல் பக்கம் நகர்ந்தார்கள். இளையவள் கம்பியைப் பிடித்தபடி சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது.

"படகுல போவசொல்லதான் அவராண்ட சொல்லணும்."