மலை மேலருந்து போற பச்சைக் கோடு

காபி போதும் எய்லர்ட், நீங்க உக்காருங்க. வாஃபிள் வேண்டாம், நிஜமாவே இறங்காது. கடைக்காரி பேரித் சொன்னா, நீங்க ரெண்டு தடவ கேட்டீங்களாம், மலை மேலருந்து வானத்துக்குப் போகுதே அந்தப் பச்சைக் கோடு என்னன்னு. அத விடுறதே நான்தான, நேர்ல வந்து சொல்லிடலாம்னுதான் வந்தேன்.

ஆமா, லேசர்தான். ஆனா அந்தப் பச்சை சும்மா கூடப் போறது, மேல தூசி, மேகம் இருக்கான்னு பாக்கறதுக்கு. உண்மையா வேலை செய்யறது கண்ணுக்கே தெரியாது. ரெண்டு விதமான ஒளி அனுப்புவோம். ஒண்ண ஓசோன் தின்னுடும், இன்னொண்ணத் தொடவே தொடாது. திரும்பி வர்றப்போ எது எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு எண்ணிப் பாத்தா, இருபது கிலோமீட்டர் உசரத்துல ஓசோன் எவ்வளவு மிச்சம்னு தெரிஞ்சிடும். பத்தொம்பது வருஷமா எனக்கு இதான் வேலை.

இல்ல, அவ்வளவு சுலபமில்ல. திரும்பி வர்றது ரொம்பக் கொஞ்சம். பீப்பாய் பீப்பாயா மேல அனுப்பிட்டு சொட்டுச் சொட்டாப் பிடிக்கணும். அதனால மணிக்கணக்கா விடாம ஓடணும். எங்க லேசரோ பழசு. நடுவுல நிறுத்தினா திரும்பச் சூடாக்கி, கண்ணாடியெல்லாம் நேர் பண்ணி, ஒரு மணி நேரம் போயிடும். அதுக்குள்ள கடல்லேருந்து மேகம் ஏறிடும். நம்ம தீவுல தெளிவான வானம் எத்தன நாள்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? நாப்பது வருஷம் படகுல போனவர் நீங்க.

இந்த வருஷம் ரொம்ப மோசம். இங்க கீழ இல்ல, மேல. மைனஸ் எம்பத்தாறு. அந்தக் குளிர்ல ஒரு மேகம் கட்டும், சிப்பியோட உள்பக்கம் மினுக்குமே, அது மாதிரி. பாக்க அழகாத்தான் இருக்கும். குளிர்கால இருட்டு முடிஞ்சு சூரியன் திரும்பி வந்ததும் அங்கதான் ஓசோன் அழிய ஆரம்பிக்கும். இங்க எல்லாரும் சூரியன் வந்துருச்சுன்னு பன் வாங்கித் தின்னுக் கொண்டாடுவாங்க, நான் அன்னிலேருந்து மலைய விட்டு இறங்க மாட்டேன். அதுல பாருங்க, ஜனவரியில பதினோரு நாள் பனிப்புயல். ஒரு அளவு கூட எடுக்க முடியல. பன்னெண்டாவது நாள் திடீர்னு வானம் தொடச்சு விட்ட மாதிரி. இருபத்தெட்டாம் தேதி.

தெரியும் எய்லர்ட். அந்தத் தேதி எனக்கு நல்லாத் தெரியும்.

என்ன சொன்னீங்க? அந்தக் கோட்ட உங்க சம்சாரத்துக்குக் காட்டினீங்களா, ஜோரிடுக்கு? ஆம்புலன்ஸ் வண்டிக்குள்ள படுத்திருந்தாங்களே... ஓ. பின் கதவத் தொறக்கச் சொன்னீங்களா. ம். அழகா இருக்குன்னாங்களா.

இல்ல, ஒண்ணுமில்ல. கொஞ்சம் தண்ணி குடுங்க. இருங்க, நானே எடுத்துக்கறேன்.

எங்க பொண்ணுக்கு நீச்சல் கத்துக் குடுத்தவங்க அவங்க. ஏழு வயசு வரைக்கும் தண்ணியக் கண்டாலே அலறுவா. மூணே வாரத்துல குதிக்க வச்சாங்க. சவ அடக்கத்துக்கு நான் வரல, கவனிச்சிருப்பீங்க. காய்ச்சல்னு சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்ல.

டாக்டர் என்ன சொன்னார்? இல்ல, கேக்கக் கூடாதுதான். வயித்துல ரத்தக்குழாய் வெடிச்சுதுன்னு எல்லாரும் சொன்னாங்க. எப்படியும் பிழைச்சிருக்க மாட்டாங்கன்னு யாரோ சொன்னதாக் கேள்விப்பட்டேன், அதத்தான் ராத்திரியும் பகலும் சொல்லிக்கிட்டுத் திரியறேன்... அப்படிச் சொல்லலையா? கால் மணி முன்னாடி கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்னாரா. சரி. சரி.

நான் ஏன் இதெல்லாம் கேக்கறேன்னு பாக்குறீங்க. சொல்லிடறேன். விமானம் வந்தா லேசர நிறுத்தணும், எய்லர்ட். அது பைலட் கண்ணுல பட்டா பாழ். ஓடுறப்போ அந்த வானத்துக்குள்ள ஒருத்தரையும் விட மாட்டாங்க. அதனால விமான நிலைய டவர்லேருந்து போன் வரும், நான் ஒரு பொத்தான அமுக்கணும். அமுக்கிட்டேன்னு நான் சொன்னப்புறம்தான் இறங்க விடுவாங்க. டவர்ல யாருன்னு உங்களுக்கே தெரியும். ஆமா, என் வீட்டுக்காரர் ஹால்வர்ட்தான்.

அன்னிக்கு ரெண்டு தடவ நிறுத்திட்டேன். மூணு மணிக்கு எண்ணெய்க் கிணத்து ஹெலிகாப்டர். நாலரைக்கு ராணுவ விமானம் ஏதோ பயிற்சின்னு வந்து சுத்திட்டுப் போச்சு. ரெண்டு தடவயும் முதல்லேருந்து ஆரம்பிச்சேன். ஆறு மணிக்கு அளவுக் கோடு திரையில ஏற ஆரம்பிக்குது, பதினெட்டு கிலோமீட்டர்ல ஓசோன் பாதி கூட இல்ல. பத்தொம்பது வருஷத்துல நான் அப்படிப் பாத்ததே இல்ல. இன்னும் பத்து நிமிஷம் ஓடினா சந்தேகமில்லாமச் சொல்லிடலாம். மேற்குல மேகம் வந்துக்கிட்டிருக்கு. அப்பத்தான் போன் அடிச்சுது.

அந்த நேரம் நீங்க விமான நிலையத்துல நிக்கறீங்க. வானிலை சரியில்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற விமானம் மேல காத்திருக்குன்னு உங்ககிட்ட வந்து சொன்னாங்க இல்ல? நீங்க அண்ணாந்து பாத்திருப்பீங்க, நட்சத்திரமா இருந்திருக்கும். அதான கடையில போய்க் கேட்டீங்க? வேற யார்கிட்டக் கேக்கறதுன்னு தெரியாம. மேகம் இருந்தா அந்தக் கோடே இருக்காது, எய்லர்ட். பதினாலு நிமிஷம் நான் அத நிறுத்தல.

ஹால்வர்ட் டவர் தாள்ல தாமதத்துக்குக் காரணம் வானிலைன்னு எழுதினார். அவரா எழுதினதுதான். இல்ல, பொய். நான்தான் கெஞ்சினேன். சமையல்கட்டுத் தரையில உக்காந்து கெஞ்சினேன். அதுலேருந்து அவர் என்கிட்டப் பேசறதில்ல. ரொட்டிய எடுத்து வைப்பார், விளக்க அணைப்பார், அவ்வளவுதான். லேசர் ஏன் ஓடிச்சுன்னு விசாரணைக்கு வந்தவங்க கேட்டப்போ, காத்திருக்கக் கூடிய சாதாரண விமானம்னு நினைச்சேன், ஆம்புலன்ஸ் விமானம்னு காதுல விழலன்னு சொன்னேன். இயந்திரம் இரையுது, விழாமப் போறது சகஜம்னு அவங்களே எழுதிக்கிட்டாங்க. எவ்வளவு மரியாதையா நடந்துக்கிட்டாங்க தெரியுமா.

திட்டுங்க. அந்தப் பக்கம் திரும்பிக்காதீங்க.

சரி, இதையாவது கேளுங்க. டவர் போன் எல்லாம் பதிவாகும். முப்பது நாள் வச்சிருந்து அழிச்சிடுவாங்க. நாளையோட முப்பது. குடும்பத்துக்காரங்க எழுதிக் கேட்டா அழிக்க மாட்டாங்க. நானே போய்ச் சொல்லலாம்தான். மூணு தடவ வண்டிய எடுத்துக்கிட்டுப் போனேன், மூணு தடவயும் விமான நிலைய ஆபீஸ் வாசல்லேருந்து திரும்பிட்டேன். அதான் கடுதாசிய எழுதிட்டே வந்திருக்கேன். உங்க பேரு கீழ இருக்கு. கையெழுத்துப் போட்டீங்கன்னா சாயங்காலத்துக்குள்ள குடுத்துடலாம். நீங்களே கொண்டு போங்க, என்னை நம்பாதீங்க.

அந்தப் பதிவுல பெருசா ஒண்ணும் இல்ல, அரை நிமிஷப் பேச்சு. ஹால்வர்ட் சொல்றார், ஆம்புலன்ஸ் விமானம், நம்ம ஜோரிடுக்குன்னு. பேரோட சொல்றார். நான் சொல்றேன், தெரியுது, பத்து நிமிஷம் மேலயே சுத்தச் சொல்லுங்கன்னு.